பாதிவழி உடன்படிக்கை: கடல் கடந்து போன ஒரு கிறிஸ்தவ சமூகமும் அதன் மூன்றாம் தலைமுறையும்

1662ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பாஸ்டன் என்கிற சின்னத் துறைமுக ஊரில் எண்பதுக்கும் மேற்பட்ட போதகர்களும் சபைப் பிரதிநிதிகளும் கூடினார்கள். அவர்கள் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான். தாய் தகப்பன் விசுவாசிகள் என்பதால் பிள்ளையும் விசுவாசி ஆகிவிடுவானா? பிள்ளைக்கே அது நிச்சயமில்லை என்றால், அந்தப் பிள்ளைக்குப் பிறக்கும் பேரப்பிள்ளையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மாதக்கணக்கில் விவாதித்து அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். பின்னாளில் அதற்கு எதிராளிகள் வைத்த கேலிப்பெயர்தான் ‘பாதிவழி உடன்படிக்கை’. சரித்திரத்தில் அந்தக் கேலிப்பெயரே நிலைத்துவிட்டது.

நான் சமணன், நயினார் வீட்டுப் பிள்ளை. மும்பையில் துணி வியாபாரம். கிறிஸ்தவ சபை விவகாரத்தில் உங்களுக்கு என்ன அக்கறை என்று மலர்க்குழு நண்பர்களே கேட்டார்கள். இரண்டு காரணம் உண்டு. அந்த மனிதர்கள் நம்மைப்போல ஊரைவிட்டு வந்து குடியேறியவர்கள்; அவர்களுடைய சிக்கல் முதல் தலைமுறையில் தலைகாட்டவில்லை, இரண்டாவது மூன்றாவது தலைமுறையில்தான் வந்தது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இன்னொன்று, நம்பிக்கை பிறப்பால் வருவதா, அவரவர் அடையவேண்டியதா என்பது எங்கள் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே எழும் கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இவர்கள் யார் என்று பார்ப்போம். இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபை அரைகுறையாகத்தான் சீர்திருந்தியது, இன்னும் தூய்மையாகவேண்டும் என்று சொன்னவர்களைப் ப்யூரிட்டன்கள் என்று அழைத்தார்கள். தூய்மைவாதிகள் என்று தமிழில் சொல்லலாம். இங்கிலாந்தில் ஊர்க்கோவில் எல்லையில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் சபையின் அங்கம். குடிகாரனும் உண்டு, திருடனும் உண்டு. பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஞானஸ்நானம். இது சபையே அல்ல என்றார்கள் இவர்கள். 1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. அடுத்த பத்து ஆண்டுகளில் சுமார் 20,000 பேர் இப்படிப் புது இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

போன இடத்தில் அவர்கள் செய்த காரியம்தான் புதுமை. 1630களின் நடுப்பகுதியிலிருந்து, சபையில் சேர விரும்பும் ஒருவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, வேதம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, தெய்வ கிருபை தன் உள்ளத்தில் எப்படி வேலை செய்தது என்பதைத் தானே சபைக்குச் சொல்லவேண்டும் என்று வைத்தார்கள். முதலில் மூப்பர்கள் தனியாக விசாரிப்பார்கள். பிறகு பெயரைச் சபையில் அறிவிப்பார்கள். இவருடைய நடத்தையைப் பற்றி யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுச் சில காலம் விடுவார்கள். கடைசியில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தன் கதையைச் சொல்லவேண்டும். சபையார் சம்மதித்தால்தான் உள்ளே. இன்று நம்முடைய தாராவிப் பக்கத்துச் சபைகளில் ‘சாட்சி சொல்லுங்க’ என்று எழுப்பிவிடுகிறார்களே, ஏறக்குறைய அதேதான். ஆனால் அது ஆராதனையின் ஒரு பகுதி. இது நுழைவுத் தேர்வு.

இந்தத் தேர்வு எவ்வளவு கடுமை என்பதற்கு ஒரு சம்பவம். 1636 ஏப்ரலில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் டார்செஸ்டர் என்னும் ஊரில் ரிச்சர்ட் மேதர் என்ற போதகர் ஒரு சபையைத் தொடங்க முயன்றார். இங்கிலாந்தில் சடங்குகளுக்கு உடன்படாததால் பிரசங்கம் செய்யத் தடை விதிக்கப்பட்டு, 1635இல் புயலில் சிக்கி உயிர் தப்பி வந்தவர். பக்கத்துச் சபைப் பெரியவர்கள் வந்து, சபையை நிறுவப்போகிறவர்களின் அனுபவத்தைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, மேதரும் இன்னும் ஒருவரும் தவிர மற்றவர்கள் இன்னும் தகுதியடையவில்லை என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள். காரணத்தை ஆளுநர் வின்த்ராப் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சிலர் கனவுகளையும் திடீர் ஆனந்தங்களையும் நம்பினார்களாம். சிலர் தங்கள் ஒழுக்கம் சீரானதையே இரட்சிப்புக்கு அத்தாட்சி என்று எண்ணினார்களாம். ஒழுக்கம் சீரானது போதவில்லை! நாலு மாதம் கழித்து ஆகஸ்டில்தான் அனுமதி கிடைத்தது. இந்த ரிச்சர்ட் மேதரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

தடுத்தவர்களில் ஒருவர் தாமஸ் ஷெப்பர்ட். கேம்பிரிட்ஜ் ஊர்ச் சபைப் போதகர். ஹார்வர்டு கல்லூரி பிறந்த ஊர் அது. தம் சபையில் சேர வந்தவர்கள் சொன்னதையெல்லாம் இவர் ஒரு கையேட்டில் குறித்துக்கொண்டே வந்தார். சுமார் 50 பேருடைய வாக்குமூலங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதில் பெரிய மனிதர்களும் உண்டு, வீட்டு வேலைக்காரப் பெண்களும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு வேலைக்காரப் பெண் தன் மனதுக்குள் நடந்ததைச் சொல்ல, படித்த போதகர் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார். உலகச் சரித்திரத்தில் இப்படி எத்தனை ஏடு இருக்கும்?

அந்த வாக்குமூலங்களில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பலர் சொல்வது இது: கடலைத் தாண்டினால் தெய்வ பக்தி பெருகும் என்று வந்தோம், வந்த பிறகு மனசு முன்னைவிட வறண்டு போயிற்று. இங்கிலாந்தில் எதிர்ப்புக்கு நடுவே கொழுந்துவிட்ட நம்பிக்கை, எல்லாரும் ஒரே மாதிரி நம்புகிற ஊரில் மங்கிவிட்டது. புலம்பெயர்ந்தவனின் இந்த ஏமாற்றத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சரி, இவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஆபிரகாமோடும் அவன் சந்ததியோடும் தேவன் உடன்படிக்கை செய்தார் என்று ஆதியாகமம் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே சபை அங்கத்தினரின் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு. குழந்தை வளர்ந்து, தன் சொந்த அனுபவத்தைச் சொல்லி முழு அங்கத்தினர் ஆகும், அதன்பிறகு திருவிருந்தில் பங்கு கொள்ளும் என்பது ஏற்பாடு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அனுபவம் வராமலா போகும்?

வரவில்லை. அல்லது, வந்தது என்று அந்தப் பிள்ளைகள் சொல்ல முன்வரவில்லை. வளர்ந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரசங்கம் கேட்டார்கள், பைபிள் தலைகீழ்ப் பாடம், நடத்தையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுந்து நின்று கதை சொல்லமட்டும் வரவில்லை. அவர்களுக்கும் குழந்தைகள் பிறந்தபோதுதான் முடிச்சு விழுந்தது. ஞானஸ்நானம் அங்கத்தினரின் குழந்தைக்குத்தான். இந்தப் பெற்றோர் அங்கத்தினரா, இல்லையா? ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தை நரகம் போகும் என்று ப்யூரிட்டன்கள் போதிக்கவில்லை. இருந்தாலும் குழந்தைகள் அதிகம் சாகிற காலம். தாய் மனசு கேட்குமா? இத்தனைக்கும் சபை அங்கத்தினரில் பெண்களே அதிகம் என்ற நிலை அந்த நூற்றாண்டிலேயே வந்துவிட்டது.

பழைய சரித்திரக்காரர்கள் இதைச் ‘சரிவு’ என்று எழுதினார்கள். அப்பன்கள் தீவிரமானவர்கள், பிள்ளைகள் காசு பணம் பார்த்து மந்தமாகிவிட்டார்கள் என்று. அந்தக் காலத்துப் பிரசங்கங்களே அந்த ஒப்பாரியைத்தான் பாடுகின்றன. ஆனால் 1963இல் எட்மண்ட் மார்கன் என்ற வரலாற்றறிஞர் தம் சிறிய நூலில் இதைத் திருப்பிப் போட்டார். அலட்சியக்காரன் என்றால் என்ன செய்திருப்பான்? நாலு பேர் சொன்னதைக் கேட்டு அதேபோல ஒரு கதையைச் சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பான். கதை எப்படி இருக்கவேண்டும் என்பது ஊருக்கே தெரியும்: பாவ உணர்வு, பயம், நம்பிக்கை இழப்பு, ஒரு வசனத்தால் கிடைக்கும் ஆறுதல், மறுபடி சந்தேகம். மனப்பாடமாகச் சொல்லலாம். இந்தப் பிள்ளைகள் அதைச் செய்யவில்லை. தகுதியில்லாமல் திருவிருந்தில் கைவைப்பவன் தனக்கே தண்டனையைத் தேடிக்கொள்கிறான் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் எச்சரிக்கிறது, அதற்குப் பயந்தார்கள். தனக்கு நடக்காததை நடந்ததாகச் சொல்ல அவர்களுக்கு நா எழவில்லை. அப்பனிடமிருந்து அவர்கள் உண்மையிலேயே பெற்றுக்கொண்டது இந்த நேர்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. அப்பனுக்கு ஒரு ‘முன்’ இருந்தது, ஒரு ‘பின்’ இருந்தது. இங்கிலாந்தில் சூதாட்டமும் குடியும் கண்டு திருந்தியவர்கள், வேலை பறிபோனவர்கள், சிறைக்கு அஞ்சி ஓடியவர்கள். திருப்பம் என்று சொல்ல ஒரு நாள் இருந்தது. பிள்ளை பிறந்ததே பக்திக்கு நடுவில். திரும்புவதற்கு அவனுக்கு எந்தத் தெரு இருந்தது? ஊரிலிருந்து கையில் பெட்டியோடு தாதர் ஸ்டேஷனில் இறங்கியவனுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. இங்கேயே மருத்துவமனையில் பிறந்த அவன் மகனிடம் ‘நீ எப்படி மும்பைக்கு வந்தே?’ என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

1648இல் கேம்பிரிட்ஜில் சபைகளின் ஒழுங்குமுறையை எழுதியபோது இந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். 1657இல் ஒரு போதகர் கூட்டம் ஒரு வழி காட்டியது. 1662 பாஸ்டன் கூட்டம் அதை உறுதி செய்தது. முடிவின் சாரம் இதுதான். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவர், கோட்பாட்டைப் புரிந்துகொண்டு, ஒழுங்காக வாழ்ந்து, சபை முன்னால் அந்த உடன்படிக்கையைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, தன்னையும் தன் பிள்ளைகளையும் தேவனுக்கு ஒப்படைத்தால், அவருடைய குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் சொந்த அனுபவத்தைச் சொல்லும்வரை அவருக்குத் திருவிருந்து இல்லை, சபையில் வாக்கும் இல்லை. வாக்குரிமைக்காகச் செய்த தந்திரம் என்று சிலர் எழுதுவது அதனால்தான் பொருந்தவில்லை.

முடிவை ஆதரித்தவர்களில் முக்கியமானவர் நம்ம ரிச்சர்ட் மேதர். 1636இல் அனுபவம் போதாது என்று தடுக்கப்பட்ட அதே மனிதர். எதிர்த்தவர்களில் ஹார்வர்டு தலைவர் சார்ல்ஸ் சான்சி இருந்தார், நியூ ஹேவன் ஊர்ப் போதகர் ஜான் டேவன்போர்ட் இருந்தார். ரிச்சர்ட் மேதரின் சொந்த மகன்கள் இன்க்ரீஸ், எலியாசர் இருவரும் எதிர்த்தரப்பு! டேவன்போர்ட் எழுதிய எதிர்ப்பு நூலுக்கு முன்னுரை எழுதியவரே 23, 24 வயது இன்க்ரீஸ்தான். விசுவாசம் அப்பனிடமிருந்து மகனுக்கு வருமா என்ற வாதத்தில் அப்பன் ‘ஓரளவு வரும்’ என்கிறார், மகன் ‘வராது’ என்கிறார். இளம் வயதில் எல்லாருக்கும் முழுமைதான் வேண்டும். பாதி என்றால் பிடிக்காது.

இன்னும் வேடிக்கை, போதகர்கள் ஒப்புக்கொண்டதைச் சபையார் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சபையும் தன் முடிவைத் தானே எடுக்கும் முறை அவர்களுடையது. பழைய அங்கத்தினர்கள், அதாவது தாத்தா பாட்டிகள், தங்கள் பேரப்பிள்ளைகளுக்கே கதவைத் திறக்க மறுத்தார்கள். ரிச்சர்ட் மேதரால் தன் டார்செஸ்டர் சபையையே தம் ஆயுள்காலத்தில் சம்மதிக்க வைக்க முடியவில்லை. பாஸ்டன் முதல் சபை இந்த விவகாரத்தில் இரண்டாக உடைந்து, 1669இல் மூன்றாம் சபை என்று தனியாகப் பிரிந்தது.

அதே 1669 ஏப்ரலில் ரிச்சர்ட் மேதர் படுத்த படுக்கையானார். எனக்கு ஏதாவது சொல்லவேண்டியது உண்டா என்று இன்க்ரீஸ் கேட்கிறார். வளர்ந்துவரும் தலைமுறையைச் சபையின் அரவணைப்புக்குள் கொண்டுவா, அவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கிடைக்கும்படி செய் என்பது கிழவர் விட்டுச் சென்ற பொறுப்பு. இதை எழுதி அச்சிட்டவர் எதிர்த்தரப்பில் இருந்த அதே மகன். இரண்டு வருஷத்துக்குள் இன்க்ரீஸ் கட்சி மாறினார். பாதிவழி உடன்படிக்கைக்கு ஆதரவாக நூலே எழுதினார். அது 1675இல் வெளிவந்தது. வாதத்தில் தோற்றாரா, தகப்பன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டாரா? அவருக்கும் அதற்குள் பிள்ளைகள் பிறந்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அந்தப் பிள்ளைகளில் மூத்தவர் காட்டன் மேதர், 1663இல் பிறந்தவர். இவர் வழியாகத்தான் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு நூல் நீள்கிறது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர். பெயரளவுக் கிறிஸ்தவம் போதாது, உள்ளத்தில் புதுப்பிறப்பு வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் உயிர்நாடி. பாஸ்டனிலிருந்து காட்டன் மேதர் 1717ஆம் ஆண்டின் கடைசியில் சீகன்பால்குவுக்கு இலத்தீனில் கடிதம் எழுதினார். 1719 பிப்ரவரியில் சீகன்பால்கு இறந்துவிட்டதால் உடன் ஊழியர் கிருண்ட்லர் பதில் எழுதினார். இரண்டையும் சேர்த்து 1721இல் பாஸ்டனில் ‘இந்தியா கிறிஸ்டியானா’ என்ற சிறுநூலாகப் போட்டார் மேதர். பாஸ்டனில் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்களை எப்படி விசுவாசி ஆக்குவது என்று திண்டாடியவர், தரங்கம்பாடியில் முதல் தலைமுறைக்காரர்கள் வருவதைக் கேட்டு ஆசையோடு கடிதம் போட்டிருக்கிறார்.

துணி வியாபாரி என்பதால் இன்னொரு செய்தியையும் விட மனமில்லை. பாஸ்டனில் 1649இல் பிறந்து, குழந்தையிலேயே இங்கிலாந்துக்குப் போய், சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். சொந்த வியாபாரத்தில் கொழுத்தார் என்ற குற்றச்சாட்டில் பதவி போயிற்று. கனெக்டிகட்டில் போதகர்களை உருவாக்க ஒரு கல்லூரி திணறிக்கொண்டிருந்தது. காட்டன் மேதர் இவருக்கு எழுதி, உங்கள் பெயரை வைப்பார்கள், நினைவுச்சின்னமாக நிற்கும் என்று ஆசை காட்டினார். யேல் அனுப்பியது ரொக்கம் இல்லை. ஒன்பது பேல் சரக்கு, 417 புத்தகம், ராஜா ஜார்ஜின் படம் ஒன்று. பேலில் காலிக்கோ, மஸ்லின் எல்லாம் இருந்தன. பாஸ்டனில் விற்றுச் சுமார் 560 பவுன் தேறியது. 1718இல் கல்லூரி யேல் கல்லூரி ஆயிற்று. சென்னையில் சம்பாதித்த காசின் ஒரு துணுக்கு அங்கே போய் விழுந்தது. அந்தக் கல்லூரியில் 1720இல் பட்டம் பெற்ற ஒரு பையன்தான் இந்தக் கதையின் கடைசிப் பாத்திரம், ஜோனதன் எட்வர்ட்ஸ்.

எட்வர்ட்ஸைப் பற்றிப் பேசுமுன் அவருடைய தாய்வழித் தாத்தா சாலமன் ஸ்டாடர்டைச் சொல்லவேண்டும். நார்த்தாம்ப்டன் என்ற ஊரில் எலியாசர் மேதர் 1669இல் இறந்தபின் அவர் இடத்துக்கு வந்து, அவருடைய விதவையையே மணந்து, 1729 வரை அந்த ஊரை ஆண்ட போதகர். இவர் பாதிவழியையும் தாண்டினார். யாருடைய உள்ளத்தில் கிருபை இருக்கிறது என்று மனிதன் கண்டுபிடிக்க முடியாது. ஒழுங்காக வாழ்கிறவன், கோட்பாடு தெரிந்தவன், அவன் திருவிருந்துக்கு வரட்டும். அந்த விருந்தே அவனைத் திருப்பும் என்றார். இன்க்ரீஸ் மேதர் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஆனால் ஊரார் ஸ்டாடர்டோடு இருந்தார்கள்.

வியாபாரி புத்திக்கு ஸ்டாடர்ட் சொல்வது நியாயமாகப் படுகிறது. என் பேத்தி ஒரு நாள் கேட்டாள்: ‘தாத்தா, பொழுது சாஞ்சப்புறம் நீங்க சாப்பிடாதது நம்பிக்கையா, பழக்கமா?’ ரெண்டும்தான் என்றேன். ‘எது முதல்ல வந்தது?’ என்று விடவில்லை. பழக்கம்தான் முதலில் வந்தது. விளக்கில் பூச்சி விழுகிறதைப் பார்த்து, ஒரு உயிர் என்பது என்ன என்று எனக்கே உறைத்தது ரொம்ப வருஷம் கழித்து. பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பூச்சியைக் கவனித்தே இருக்கமாட்டேன். ஸ்டாடர்ட் தட்டில் அப்பத்தை வைத்தது அந்தக் கணக்கில்தான்.

எங்கள் நூல்களும் இந்த இரண்டு பக்கத்தையும் அறிந்தவை. உள்ளதை உள்ளபடி நம்புவதே நற்காட்சி என்று சொன்ன கையோடு, அது இரண்டு விதமாக உதிக்கும் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். ஒன்று தானாக உதிப்பது, நிசர்க்கம். மற்றது பிறர் போதித்து உதிப்பது, அதிகமம். மூன்றாவதாக ‘தகப்பன் வழி வருவது’ என்று ஒன்று அந்தப் பட்டியலிலேயே கிடையாது. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் நற்காட்சியைக் கெடுக்கும் எட்டுச் செருக்குகளில் குலச்செருக்கையும் வைக்கிறார். அந்நூலைத் தழுவித் தமிழில் வந்ததே அருங்கலச்செப்பு. சண்டாளன் வீட்டில் பிறந்தாலும் நற்காட்சி உடையவன் தேவன், சாம்பல் மூடிய கனல் போன்றவன் என்பதும் சமந்தபத்திரர் வாக்கின் கருத்துதான். நடைமுறையில் நாங்களும் பிறப்பைத்தான் பார்க்கிறோம். இங்குள்ள குஜராத்தி வியாபாரிகள் ‘நயினாரா? அப்படியென்றால் ஜைனர்தானா?’ என்று என்னைக் கேட்கும்போது அவர்களும் பார்ப்பது குலத்தைத்தான், நானும் பதிலாகச் சொல்வது குலத்தைத்தான். சிரிப்பாக இன்னொன்று: கிறிஸ்தவ நண்பர்கள் ‘மறுபிறப்பு அடைஞ்சாச்சா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். மறுபிறப்பு வேண்டாம் என்றுதானே எங்கள் விரதமெல்லாம்! சொல் ஒன்று, பொருள் நேர் எதிர். ஆனால் பிறந்த பிறப்பு மட்டும் போதாது என்ற இடத்தில் இருவரும் சேர்ந்துவிடுகிறோம்.

இனி எட்வர்ட்ஸ். 1703இல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் எழுதிய நாட்குறிப்பில் அவரை ஒரு சந்தேகம் அரிக்கிறது. தன் உள்ளத்தில் மாற்றம் நடந்தது நிஜம். ஆனால் புது இங்கிலாந்துப் பெரியவர்கள் சொன்ன வரிசைப்படி, முதலில் பயம், பிறகு தாழ்மை, பிறகு ஆறுதல் என்று, அது நடக்கவில்லையே, அப்படியானால் அது நிஜம்தானா? யோசித்துப் பாருங்கள். பரம்பரை வேண்டாம், சொந்த அனுபவம் வேண்டும் என்று தொடங்கியவர்கள், சொந்த அனுபவம் எப்படி இருக்கவேண்டும் என்ற அச்சைப் பரம்பரைச் சொத்தாக விட்டுப் போயிருக்கிறார்கள். பேரனுக்கு இரண்டாவது சுமை அது.

1727இல் தாத்தாவுக்கு உதவியாளராக நார்த்தாம்ப்டன் வந்தார். 1734-35இல் அந்த ஊரில் பெரிய எழுப்புதல் வந்தது. முந்நூறு பேருக்கு மேல் திரும்பினார்கள் என்று அவரே கணக்குச் சொன்னார். 1740இல் ஜார்ஜ் விட்ஃபீல்ட் வந்தபோது மறுபடி ஒரு அலை. ஜனங்கள் அழுதார்கள், மயங்கி விழுந்தார்கள். சில வருஷத்தில் அலை வடிந்தது. அழுதவர்களில் பலர் பழையபடி வழக்காடினார்கள், புறம் பேசினார்கள். எட்வர்ட்ஸ் 1746இல் எழுதிய நூலில், கண்ணீரும் பரவசமும் அத்தாட்சி ஆகா, எதிர்மறை அத்தாட்சியும் ஆகா என்று தள்ளிவிட்டு, உண்மையான பக்திக்குப் பன்னிரண்டு அடையாளங்களைச் சொல்கிறார். கடைசி அடையாளம் வாழ்ந்து காட்டுவது. எங்கள் பூஜ்யபாதர் நற்காட்சியின் வெளித் தோற்றங்களாகச் சொன்னவற்றில் மனத் தணிவும் உயிர்களிடம் இரக்கமும் வரும். பரவசம் அதில் வராது.

பிறகுதான் எட்வர்ட்ஸ் தாத்தாவின் வழியை மாற்றத் துணிந்தார். திருவிருந்துக்கு வருகிறவர் தன் நம்பிக்கையைத் தன் வாயால் உளமாரச் சொல்லவேண்டும் என்றார். அவர் பழைய அச்சைக் கேட்கவில்லை. இன்ன வரிசையில் நடந்தது என்று கதை சொல்லவேண்டாம், மனப்பூர்வமாகச் சொன்னால் போதும் என்றார். ஊர் கொதித்தது. ஸ்டாடர்டை அறுபது வருஷம் கேட்டு வளர்ந்த ஊர். பெற்றோர்கள் வழியாகத் தங்கள் பிள்ளைகளுக்கு வந்த உரிமையைப் பேரன் பறிக்கிறான் என்று பட்டது. சம்பளத் தகராறு, வேறு மனத்தாங்கல்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. 1750இல் சபையில் கைதூக்கச் சொன்னபோது இருநூறுக்கு மேற்பட்டோர் அவரை அனுப்பிவிடச் சொன்னார்கள். அவர் பக்கம் 23 பேர். ஜூன் 22ஆம் தேதி பதவி நீங்கினார்.

அவர் செய்தது எல்லாம் போற்றத்தக்கது என்று நான் சொல்லமாட்டேன். நீக்ரோ அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர் அவர். உள்ளத்தை அவ்வளவு நுட்பமாக அளந்த மனிதருக்குத் தன் வீட்டுச் சமையலறையில் நின்ற மனுஷியின் உள்ளம் தெரியாமல் போயிற்று.

நீக்கிய பிறகும் வேறு ஆள் கிடைக்காததால், பல ஞாயிற்றுக்கிழமைகள் அவரையே பிரசங்கம் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். அவரும் செய்தார். பெரிய குடும்பம், பதினொரு பிள்ளைகள். 1751இல் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற எல்லைப்புற ஊருக்குப் போனார். அங்கே அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள் மஹிக்கன் பழங்குடியினர். அவர்களில் பெரும்பாலோருக்கு அப்பன் வழி வந்த கிறிஸ்தவம் கிடையாது. அங்கிருந்துதான் அவருடைய பெரிய நூல்கள் வந்தன. 1758இல் நியூ ஜெர்சிக் கல்லூரிக்குத் தலைவராகப் போய், அம்மை குத்திக்கொண்டதில் நோய் முற்றி மார்ச் 22ஆம் தேதி இறந்தார்.

பாதிவழி உடன்படிக்கையை அடுத்த தலைமுறைகளில் சபைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 1833இல் மாசசூசெட்ஸில் அரசாங்க ஆதரவும் சபைகளுக்கு அற்றுப்போனது. வருகிறவர் தாமாக வந்தால்தான் உண்டு. நார்த்தாம்ப்டன் முதல் சபை, 1900 ஜூன் 22 அன்று, நீக்கிய தேதிக்குச் சரியாக 150 வருஷம் கழித்து, எட்வர்ட்ஸுக்குத் தன் ஆலயத்தில் ஒரு வெண்கலப் பலகை திறந்தது. அன்று கை தூக்கிய வீடுகளின் வாரிசுகளும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.